அப்பா தண்ணீர் குடிக்காத நாள்: மூன்று தலைமுறைச் சுற்றுலா ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வயதான பெற்றோரையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப்போகும் சுற்றுலாவில் ஏதாவது கோளாறு வந்துவிட்டால், "வயசாயிடுச்சு, இனிமே இவங்களுக்குப் பயணம் ஒத்துவராது" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. பெரும்பாலான சமயங்களில் அது அவசர முடிவு. என்ன நடந்தது என்று மணிக்கணக்காகப் பின்னோக்கிப் பார்த்தால், வயதைவிட எளிய, தவிர்த்திருக்கக்கூடிய காரணங்கள் வரிசையாகக் கிடைக்கும்.

இங்கே எழுதுவது ஒரு குடும்பத்தின் ஆறு நாள் பயணம். இது ஒரே வீட்டில் நடந்தது அல்ல. பல வீடுகளில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒரே குடும்பமாகக் கோத்திருக்கிறேன். உடல்நலம் பற்றிய விவரங்கள் எந்த முதியவருக்கும் பொருந்தக்கூடியவை.

குடும்பமும் திட்டமும்

மொத்தம் ஒன்பது பேர். அப்பாவுக்கு 79 வயது, நீர்ப்பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை, உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்ற இன்னொரு மாத்திரை. சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பியில் வீக்கம் பல வருடமாக இருக்கிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போவார். அம்மாவுக்கு 74. சர்க்கரைக்கு இன்சுலின், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மகன், மருமகள், அவர்களுக்கு 16 வயதில் ஒரு மகள், 9 வயதில் ஒரு மகன். அப்புறம் மகள், மருமகன், அவர்களுடைய 4 வயதுக் குழந்தை.

செலவு முழுவதும் மகனுடையது, ஆகவே திட்டமும் அவருடையதாகிவிட்டது. முதலில் இரண்டு மணி நேர விமானம், பிறகு மலைப்பாதையில் ஐந்து மணி நேரம் வேன். ஆறு நாளில் பதினோரு இடங்கள். பெற்றோரிடம் போனில் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: "எல்லாரும் சேர்ந்து போலாமாப்பா?" அப்பா சொன்ன பதிலும் ஒன்றுதான்: "உங்க சௌகரியம்."

இந்தப் பதிலை மகன் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அது சம்மதம்தான், ஆனால் பிள்ளைகளின் உற்சாகத்தைக் கெடுக்கக்கூடாது என்ற சம்மதம். அதற்குள் அப்பாவுக்குச் சில பயங்கள் இருந்தன. வழியில் கழிப்பறை இருக்குமா, வேனை நிறுத்தச் சொன்னால் மருமகன் என்ன நினைப்பார், பேரன் முன்னால் வேட்டி நனைந்துவிட்டால் என்ன செய்வது. இதையெல்லாம் குழு அழைப்பில் ஒன்பது பேர் காது கேட்க யாரும் சொல்லமாட்டார்கள். தனியாக, நேரில், கேட்கத் தகுந்த ஆள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பயண நாள்

அப்பா தானாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். காலையில் நீர் வெளியேற்றும் மாத்திரையைப் போடவில்லை. ஒரு வாய் காபியோடு சரி, தண்ணீர் குடிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. முதியவர்கள் பயண நாளில் செய்வதில் மிகச் சாதாரணமான காரியம் இது, குடும்பத்தின் கண்ணில் கடைசியாகப் படுவதும் இதுவே. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்கிவிடுகிறது. உடம்பில் நீர் குறைந்தாலும் நா வறண்டு தொந்தரவு செய்வதில்லை. அதனால் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருப்பது அவருக்குப் பெரிய கஷ்டமாகவே தெரியவில்லை. விமானத்துக்குள் காற்று மிகவும் வறண்டிருக்கும், அது இன்னும் கொஞ்சம் உறிஞ்சிவிட்டது.

விமான நிலையத்தில் அம்மா சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அப்பா மறுத்துவிட்டார். முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்திருந்த உதவிதான், ஆனால் அதைப்பற்றி அவருக்கே அங்கே போய்த்தான் தெரியும். பேத்தி பார்த்துக்கொண்டிருக்க, பணியாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று நடந்தே வந்தார். இதை அடம் என்று மகன் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டிலேயே இரண்டு வாரம் முன்னால், "அங்க நடை ரொம்ப தூரம்பா, நாற்காலி சொல்லி வைக்கட்டுமா, இல்ல நடுவுல உட்கார்ந்து உட்கார்ந்து போலாமா?" என்று கேட்டிருந்தால் முடிவு அவருடையதாக இருந்திருக்கும்.

வேனில் ஜன்னல் சீட்டுகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அப்பா கடைசி வரிசை. கொண்டை ஊசி வளைவுகளில் மிக அதிகமாக ஆடுவது பின்னிருக்கைதான். நான்கு வயதுக் குழந்தை வாந்தி எடுத்தது. மகள் தன் கைப்பையில் வைத்திருந்த வாந்தி மாத்திரையைக் குழந்தைகளுக்கு அளவு பார்த்துக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் அப்பாவின் முகம் வெளுத்திருந்தது. "நீங்களும் ஒண்ணு போட்டுக்கோங்கப்பா" என்று முழு மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். அதை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கினார்.

அது டைமென்ஹைட்ரினேட். ஒவ்வாமைக்குக் கொடுக்கும் ஆன்டிஹிஸ்டமின் மருந்துகளில் பழைய தலைமுறை வகை. மருந்துச்சீட்டு இல்லாமலே பல இடங்களில் கிடைக்கும், நம்மில் பலர் போட்டிருப்போம்.

சாயங்காலம் ஆறு மணிக்குத் தங்கும் இடம் வந்து சேர்ந்தார்கள். "காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கலையேப்பா" என்று ஆளாளுக்குச் சொல்ல, அப்பா ஒரு லிட்டர் அளவுக்கு ஒரேயடியாகக் குடித்தார். அறையிலேயே கழிப்பறை இருக்கிறதே, இனி என்ன பயம் என்று காலையில் விட்ட நீர் மாத்திரையையும் போட்டுக்கொண்டார். அவருடைய கோணத்தில் பார்த்தால் இது ஒழுங்கான கணக்கு.

இரவு இரண்டு மணி

அம்மா சத்தம் கேட்டு விழித்தபோது அப்பா அலமாரிக் கதவைத் திறந்துவைத்து நின்றுகொண்டிருந்தார். "கதவு எங்கே போச்சு, ஆபீசுக்கு நேரமாச்சு" என்றார். மகன் ஓடிவந்து தோளைப் பிடித்ததும் தட்டிவிட்டார். மகனை யார் என்று அவருக்கு ஒரு கணம் தெரியவில்லை. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார், ஆனால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

மகள் அழ ஆரம்பித்துவிட்டார். மறதி நோய் வந்துவிட்டது, நாம்தான் கவனிக்காமல் இருந்துவிட்டோம் என்பது அவருடைய முடிவு. மருமகன், பயணக் களைப்பு, தூங்கினால் சரியாகிவிடும் என்றார். இரண்டு ஊகங்களுமே ஆபத்தானவை. முதலாவது, உடனே தீர்க்கக்கூடிய ஒன்றைத் தீராத நோயாக நினைத்துக் கையைக் கட்டிவிடுகிறது. இரண்டாவது, விடியும்வரை காத்திருக்கச் சொல்கிறது.

மறதி நோய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வருவது. நேற்றுவரை செய்தித்தாளை வரி விடாமல் படித்தவர் இன்று இரவு ஆளை அடையாளம் தெரியாமல் பேசினால், அது பெரும்பாலும் டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம். மணிக்கணக்கில் வரும், கூடும், குறையும். அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கும்: நோய்த்தொற்று, நீரிழப்பு, மருந்து, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், வலி, சர்க்கரை ஏற்ற இறக்கம். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளியும். அதனால் இதை அவசர நிலையாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்றோரோடு பயணம் போகிற ஒவ்வொருவரும் மற்ற எதைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

மருமகள்தான் வண்டிக்கு ஏற்பாடு செய்தார். மருத்துவமனையில் இரவுப்பணியில் இருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்குப் புதுசா ஏதாவது மருந்து சாப்பிட்டாரா?" மகன் இல்லை என்றார். அவருக்குத் தெரியாது. நீர் மாத்திரையைக் காலையில் விட்டதும் இரவில் போட்டதும் அம்மாவுக்குத்தான் தெரியும், அம்மாவோ அறையில் இருந்தார். வாந்தி மாத்திரையைக் கொடுத்த மகள் குழந்தையோடு இருந்தார். கூடவே வந்திருந்த 16 வயதுப் பேத்திதான், "வேன்ல அத்தை தாத்தாவுக்கு ஒரு மாத்திரை குடுத்தாங்க" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தில் முடிச்சு அவிழ்ந்தது. பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் நரம்புகள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கின்றன. இளைஞருக்கு அதனால் வாய் வறளும், தூக்கம் வரும், அவ்வளவுதான். முதியவரின் மூளை அதைத் தாங்காமல் குழம்புகிறது. சிறுநீர்ப்பை சுருங்கி வெளித்தள்ளும் சக்தியும் குறைகிறது. ஏற்கெனவே ப்ராஸ்டேட் வீங்கி வழியை நெருக்கிக்கொண்டிருப்பவருக்குச் சிறுநீர் அப்படியே நின்றுவிடலாம். மேலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரும் நீர் மாத்திரையும் பையை நிரப்பிக்கொண்டே இருந்தன. அப்பா தெளிந்த பிறகு மருத்துவர் அவருடைய தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு விளக்கினாராம்: "நீர்வரத்து கூடிப்போச்சு சார், மதகு திறக்கலை."

முதியவர்களுக்குத் தவிர்க்கவேண்டிய மருந்துகள் என்று மருத்துவர் மார்க் பியர்ஸும் அவருடைய குழுவினரும் 1991-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் இன்றும் அதைப் புதுப்பித்து வருகிறது, 2023-இலும் ஒரு பதிப்பு வந்தது. பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் அதில் நெடுங்காலமாக இருப்பவை. டைமென்ஹைட்ரினேட்டின் அடிப்படைப் பொருளான டைஃபென்ஹைட்ரமின் தூக்க மாத்திரையாகவும் சளி மருந்துகளிலும் வருகிறது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது என்பதால் 79 வயதுக்காரருக்கும் சாதாரணமானது என்று ஆகிவிடாது.

கதீட்டர் என்ற குழாய் வைத்துச் சிறுநீரை வெளியேற்றினார்கள். மறுநாள் மதியத்துக்குள் அப்பா பாதி தெளிந்துவிட்டார், அதற்கு அடுத்த நாள் முழுதாக. ப்ராஸ்டேட் வழியைத் தளர்த்தும் மாத்திரை தொடங்கி, நான்காம் நாள் குழாயை எடுத்தார்கள். அந்த மாத்திரை எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து, பிடித்துக்கொண்டு நில்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நடுவில் மாற்றியது

திரும்பிப் போய்விடலாம் என்று மகனும் மகளும் முடிவுசெய்தபோது முதன்முதலாக அப்பா தன் விருப்பத்தைச் சொன்னார்: "வந்தாச்சு. இருந்துட்டே போலாம்." அறையை மட்டும் மாற்றினார்கள், தரைத்தளத்தில், கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு நேர்வழி உள்ள அறை. வழியில் ஒரு சின்ன இரவு விளக்கு. அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச்சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு மங்கலாகத் தெரிகிற அறை, பெற்றோருக்கு இருட்டு. புது இடம், கண்ணாடி கழற்றி வைத்த கண், காதுக்கருவி இல்லாத காது என்று இரவில் எல்லாம் சேர்ந்துவிடுகிறது.

பதினோரு இடங்களில் மிச்சமிருந்தவற்றில் முக்கால்வாசியை மகன் அடித்துவிட்டார். காலையில் எல்லோரும் சேர்ந்து ஒன்று. மதியம் ஓய்வு. பிறகு விரும்பியவர்கள் வெளியே, விரும்பாதவர்கள் உள்ளே, யாரும் யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை. வேனில் அப்பாவுக்கு முன்னிருக்கை. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி தானாக நிற்கும், யாரும் கேட்கவேண்டியதில்லை. என்னைக் கேட்டால் மொத்த மாற்றத்திலும் மதிப்பு மிக்கது இந்தக் கடைசி ஏற்பாடுதான். "வண்டியை நிறுத்தணுமாப்பா?" என்று கேட்டால் அவர் வேண்டாம் என்பார். எல்லோருக்காகவும் நிற்கிற வண்டியில் அவரும் இறங்குவார். கழிப்பறை உறுதி என்று ஆனபிறகு தண்ணீர் குடிக்கச் சொல்லி யாரும் கெஞ்சவேண்டியிருக்கவில்லை.

நேரக் கணக்கும் மாறியது. கைபேசி வரைபடம் பத்து நிமிட நடை என்று சொல்வது சுமார் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்துக்கு. முதியவர்களில் பலர் நொடிக்கு 0.8 மீட்டர் போல நடப்பார்கள், அதாவது மணிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே. பத்து நிமிடம் பதினேழு, பதினெட்டு ஆகும், உட்கார்ந்து எழுந்தால் இன்னும் கூடும். திட்டத்தில் அந்த நேரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டால் "சீக்கிரம் வாங்கம்மா" என்று யாரும் கத்தவேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் மகன் அப்பாவிடம் தனியாகக் கேட்டார், இங்கே பார்க்கணும்னு ஏதாவது இருக்கா என்று. இருந்தது. அரை மணி நேரத் தொலைவில் ஒரு பழைய அணை. பதினோரு இடங்களில் அது இல்லவே இல்லை. ஒன்பது வயதுப் பேரனை மட்டும் கூட்டிக்கொண்டு மூவரும் போனார்கள். மதகுகள் எப்படித் திறக்கும், மழைக்காலத்தில் இரவு பகலாக யார் காவல் இருப்பார்கள், உபரிநீரை எந்த அளவில் விடுவது என்று தாத்தா சொல்லச் சொல்லப் பையன் கேள்வி மேல் கேள்வி கேட்டிருக்கிறான். தன் அப்பா அலுவலகத்தில் என்ன வேலை பார்த்தார் என்பது மகனுக்கே அன்றுதான் சரியாகத் தெரிந்ததாம்.

அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை

எல்லோர் கவனமும் அப்பா மேல் இருந்ததால் அம்மாவுக்கு நடந்தது பேச்சில் பின்னுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் இரவு, சாப்பாடு வந்துவிடும் என்று நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டார். சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதம். கை நடுங்கி, வேர்த்துவிட்டது. பேத்தி சர்க்கரைக் கரைசல் கொடுத்தாள், கால் மணி நேரத்தில் மறுபடி சோதித்தார்கள், சரியானது. சாப்பாட்டுக்கு முன் போடும் வேகமான இன்சுலினைப் பயணத்தில் தட்டு முன்னால் வந்தபிறகுதான் போடவேண்டும். இதில் சிக்கலான விஷயம் எதுவும் இல்லை, யாராவது முன்னமே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மதிய நேரம். நான்கு வயதுக் குழந்தை மதியத்தில் பாட்டியோடு இருக்கும் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. பாட்டிக்குப் பிடிக்கும் என்று மகள் நினைத்தார். பிடிக்கும்தான். ஆனால் முழங்கால் வலியோடு ஓடுகிற குழந்தையைத் தனியாகப் பார்த்துக்கொள்வது ஓய்வு ஆகாது. மருத்துவமனைக்கும் அறைக்குமாக அலைந்த நாட்களிலும் அந்த ஏற்பாட்டை யாரும் மாற்றவில்லை. ஊர் சுற்றிப் பார்க்க வந்த அம்மா ஒரு மதியம்கூட வெளியே போகவில்லை. மருமகளின் நிலையும் இதேபோலத்தான். மருந்து, துணி, டிக்கெட், வண்டி, சாப்பாட்டு நேரம் எல்லாம் அவர் தலையில். சுற்றுலாவில் ஒருவருக்கு விடுமுறையே கிடைக்கவில்லை என்றால் அவர் பெயரைச் சொல்லி, எந்த நாள் அவருடையது என்று முதலிலேயே ஒதுக்கவேண்டும். "எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்று விட்டால் வழக்கமாகப் பார்ப்பவரே பார்ப்பார்.

திரும்பி வந்தபின்

குடும்பம் இப்போது ஒரு தாள் வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தில் அப்பாவின் மருந்துகள், மறுபக்கத்தில் அம்மாவுடையவை: பெயர், அளவு, நேரம், எதற்காக, எவையெல்லாம் ஆகாது. பயணத்தில் இடையில் கொடுக்கும் எந்த மாத்திரையும், தலைவலிக்கானதுகூட, நேரத்தோடு அதில் எழுதப்படும். ஒன்பது பேரின் கைபேசியிலும் அதன் படம் உண்டு. மருந்துகள் பெட்டியில் போகாமல் கைப்பையில் வரும், இரண்டு மூன்று நாளுக்கு உபரியாக. விமானத்தின் சரக்குப் பகுதியில் இன்சுலின் உறைந்துபோகலாம், உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக்கூடாது.

நீர் மாத்திரையைப் பற்றி அப்பாவின் வழக்கமான மருத்துவரிடம் கேட்டார்கள். நெடும்பயண நாளில் அதை எப்போது போடலாம் என்று அவரே நேரம் மாற்றிக் கொடுத்தார். கேட்டிருந்தால் முதல் முறையே கொடுத்திருப்பார். தானாக விடுவதும், விட்டதைப் பிறகு சேர்த்துப் போடுவதும் இனி இல்லை என்று அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். கழிப்பறை விஷயத்தை அப்பாவிடம் மகனும், அம்மாவிடம் மகளும் கேட்பது என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் நான்கு நாள், ஒரே இடம், தரைத்தளம் என்பதுவரை எல்லோருக்கும் உடன்பாடு. ஒரு நாள் செலவு தன்னுடையது என்று அப்பா சொல்லிவிட்டார், மகன் கொஞ்சம் தயங்கிச் சரி என்றார். அம்மாவும் ஒரு நிபந்தனை வைத்தார்: மதியத்தில் குழந்தையைத் தன்னிடம் விடக்கூடாது, காலையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்கிறேன். மகளுக்கு இதில் வருத்தம். அம்மா தன் பிள்ளையை மட்டும் விலக்குவதாக அவருக்குப் படுகிறது. மருமகன், மதியப் பொறுப்பைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். மகள் இன்னும் பதில் சொல்லவில்லை.